பணம் என்னுடையது, உரிமம் யாருடையது?

காசு கொடுத்தவள் நான். பில் கேட்டு வாங்கியவள் நான். என் வங்கிக் கணக்கிலிருந்து விற்றவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியவள் நான். இன்றைக்குக் கள்ளச் சரக்கு வைத்திருப்பவள் என்ற பெயரும் எனக்குத்தான். விற்ற ஆளின் பெயரை யாரும் கேட்கக்கூட இல்லை.

நான் போனக்காட்டுக்காரி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு மேலே, அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்குகிற இடம் என்றால் சிலருக்குத் தெரியும். பேய் பங்களா இருக்கிற ஊர் என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிகிறது. அந்தப் பாழடைந்த பங்களாவைப் படம் பிடிக்க மலையேறி வருகிறவர்களின் கண்ணில் லயங்களில் குடியிருக்கிற மனிதர்கள் படுவதில்லை. தேயிலைத் தோட்டம் முடங்கி, தொழிற்சாலை துருவேறி, சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது ஊரறிந்த கதை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அம்மா கொழுந்து கிள்ளிய கையால்தான் நான் பி.காம். படித்தேன்.

விதுராவில் சின்னதாக ஓர் அறை எடுத்து, முத்ரா கடனும் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணமும் சேர்த்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு ஒரு கணக்கு மையம் தொடங்கினேன். விதுரா, பாலோடு, நெடுமங்காடு பக்கத்து மளிகைக்கடைகள், ரப்பர் ஷீட் வியாபாரிகள், ஒன்றிரண்டு பேக்கரிகள் ஆகியோருக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுத் தாக்கல் செய்வது தொழில். அதோடு மலையிலிருந்து இறங்கி வருகிற எங்கள் ஆட்களுக்கு பி.எப். விண்ணப்பம், பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று, ரேஷன் கார்டில் பெயர் திருத்தம். அவர்களிடம் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. சாயந்தரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கிழவிகளிடம் என்ன வாங்குவது?

சாஃப்ட்வேரை நேரான வழியில் வாங்க வேண்டும் என்பதில் நான் முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக இருந்தேன். அடுத்தவர் கணக்கைப் பார்க்கிற தொழில். அவர்களுடைய பான் எண், ஆதார், வங்கி விவரம் எல்லாம் என் கம்ப்யூட்டரில் கிடக்கும். நாலுக்கும் விண்டோஸ், நாலுக்கும் ஆபீஸ், ஒன்றுக்கு டேலி சில்வர் என்ற கணக்கு மென்பொருள். டேலி மட்டுமே 22,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 26,550. பட்டணத்தில் ஒரு ரீசெல்லர். கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பார்ட்னர் சான்றிதழ். பேச்சில் நாகர்கோவில் பக்கத்துத் தமிழ். நம்ம ஊர் ஆள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி, போர்ட்டலில் போட்டுப் பார்த்தேன். ஆக்டிவ் என்றே காட்டியது. விலையைக் கூட நான் அடித்துப் பேசவில்லை. எழுதியிருந்த விலைக்கே வாங்கினேன். இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால், நடந்ததைச் சொன்ன மறுநிமிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சல்லிசாக் கிடைக்குதுன்னு வாங்கிட்டியா?" என்பதுதான். இல்லை. முழு விலை கொடுத்தேன். வரியும் சேர்த்துக் கொடுத்தேன்.

பையன் ஒருவன் வந்து பென் டிரைவை மாட்டி எல்லாவற்றையும் போட்டான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஆக்டிவேட்டட்' என்று வந்தது. ஒட்டுத்தாளில் அச்சடித்த கீ எண்கள் நாலு கொடுத்தான். நானும் கேட்டேன், இது ஒரிஜினல்தானா என்று. ரீசெல்லரே போனில் பேசினார்: "ஜெனுயின்தான் தங்கச்சி. கம்பெனி சர்வரே ஆக்டிவேட் பண்ணுதே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் ஒருவரும் இல்லாமல் போனார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் உறுத்தியது வரி. அவர் கொடுத்த பில் என்னுடைய 2பி-யில், அதாவது ஜிஎஸ்டி போர்ட்டலில் வருகிற கொள்முதல் வரிப் பட்டியலில், ஏறவில்லை. விற்றவர் தாக்கல் செய்தால்தான் வாங்கியவரின் 2பி-யில் அது தெரியும், அப்போதுதான் கட்டிய வரியை வரவு எடுக்க முடியும். கேட்டேன். "அடுத்த மாசம் வரும் தங்கச்சி." அடுத்த மாதமும் வரவில்லை. என்னிடம் வசூலித்த 18 சதவீதம் அரசுக்குப் போகவே இல்லை.

பிறகு ஒரு மாதம், 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசித் தேதியான 20-ஆம் தேதி நெருங்குகிற நேரம். டேலியில் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்தது. செய்தேன். எஜுகேஷனல் மோடுக்குப் போய்விட்டது. கணக்கு வேலை தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று புரியும். படிக்கிற பிள்ளைகள் பழகுவதற்கான நிலை அது. மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போடலாம். 3-ஆம் தேதி விற்ற சர்க்கரையை, 14-ஆம் தேதி வாங்கிய ரப்பரை நான் எந்தத் தேதியில் எழுதுவது? உரிம விவரத் திரையைத் திறந்து பார்த்தேன். சீரியல் எண் இருந்தது. அதன் உரிமையாளராகப் பதிவாகியிருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையது இல்லை. நான் கேள்விப்பட்டே இராத ஒரு முகவரி. வேறு யாருக்கோ சொந்தமான உரிமத்தை எனக்கு விற்றிருக்கிறார். அதற்கு உண்மையில் சொந்தக்காரரான அந்த முகம் தெரியாத மனிதரும் ஏமாந்தவர்தானோ என்னவோ.

அந்த இரவு தூங்கவில்லை. பில்களைக் கையால் கூட்டி, லிப்ரே ஆபீசில் ஏற்றி, போர்ட்டலில் நேரடியாக அடித்தேன். இரண்டு பேருடையது முடியவில்லை, தேதி தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வட்டி. அவர்கள் ஏன் கட்ட வேண்டும்? நான் கட்டினேன். அதில் ஒருவர் மறுமாதமே கணக்கை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். "மோளே, உன்மேல் கோபமில்லை, பயமாயிருக்கிறது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றவற்றையும் தோண்டிப் பார்த்தேன். விண்டோஸின் கட்டளைத் திரையில் 'எஸ்எல்எம்ஜிஆர்' என்று தொடங்குகிற ஒரு வரி இருக்கிறது. அதை அடித்தால் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, இந்த உரிமம் எந்த வழியாக வந்தது என்று காட்டும். கடையில் சில்லறையாக வாங்கியதா, கம்ப்யூட்டரோடு வந்ததா, பெரிய நிறுவனத்தின் மொத்த உரிமமா என்று அதில் தெரிந்துவிடும். என் நாலு கம்ப்யூட்டரிலும் 'வால்யூம், கேஎம்எஸ் கிளையண்ட்' என்று வந்தது. ஒரு நிறுவனம் தன் சொந்த வளாகத்தில் ஒரு சர்வர் வைத்து, தன் கம்ப்யூட்டர்களுக்குத் தானே உரிமம் வழங்கிக்கொள்கிற முறை அது. விண்டோஸுக்கு அந்த முறை வேலை செய்யவே குறைந்தது 25 கம்ப்யூட்டர் வேண்டும். என்னிடம் இருப்பது 4. அந்த உரிமம் 180 நாளுக்குத்தான் செல்லும். சர்வரை மறுபடி தொட்டுத்தான் நீட்டித்துக்கொள்ள முடியும். எனக்கு ஏது சர்வர்? கம்பெனி சர்வர் ஆக்டிவேட் செய்தது என்று அவர் சொன்னதே பச்சைப் பொய். என் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி சர்வரைக் குடிவைத்துவிட்டுப் போயிருந்தான் அந்தப் பையன்.

அது எப்படி மாட்டாமல் இருந்தது என்று பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்தேன். டிஃபெண்டரில், 'இதைச் சோதிக்காதே' என்று விலக்கி வைக்கிற பட்டியலில் ஒரு ஃபோல்டர் ஏறியிருந்தது. நான் ஏற்றவில்லை. வைரஸ் பார்க்கிற காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் வேலையை முடித்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டருக்குள் வேறு என்ன இருந்தது, அது யாருக்கு எதை அனுப்பியது என்று எனக்குத் தெரியாது. என்னை நம்பி வந்தவர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும், பென்ஷனுக்கு ரேகை வைத்த கிழவிகளின் ஆதாரும் அந்தக் கம்ப்யூட்டர்களில்தான் இருந்தன. உடம்பெல்லாம் பதறியது. இப்போதும் பதறுகிறது.

ஆபீஸ் கதையும் அப்படித்தான். அவர் கொடுத்தது 'புரொஃபஷனல் பிளஸ்'. அது நிறுவன ஒப்பந்தங்கள் வழியாகப் போகிற பதிப்பு, கடையில் ஒன்றிரண்டாகக் கிடைக்கிற பதிப்பே இல்லை. ஒப்பந்த உரிமம் என்றால் வாங்கியவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். அதில் நுழைந்து எத்தனை உரிமம், எந்தத் தேதியில் என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் தரவில்லை. ஒட்டுத்தாள்தான் தந்தார்கள்.

என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் கொழுந்து எடை போடுகிறபோது முள்ளைப் பார்ப்பாள், கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதுகிற வரைக்கும் நகர மாட்டாள். எடையில் கை வைக்கிறவர்கள் இருந்தார்கள், அவளுக்கு அது தெரியும். ஆனால் தராசு அவள் கண்முன்னால் தொங்கியது. எனக்கு முன்னால் தராசே இல்லையே! விற்றவர் சொன்னால் உண்மை, திரையில் தெரிந்தால் உண்மை. இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் நான் எங்கே போய் நிறுத்துப் பார்ப்பது? எனக்கு இப்போது தெரிந்த அந்தக் கட்டளையும், அந்தத் திரையும், அந்தப் பதிப்பின் பெயரும் பில்லோடு சேர்த்து அச்சடித்துக் கொடுக்க வேண்டிய விஷயங்கள். பொருளை இழந்த பிறகு, இரவெல்லாம் துழாவித் தெரிந்துகொள்ள வேண்டியவையா?

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். படித்துவிட்டு அழுதேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு, 1994-இல் சேர்த்தது. உரிமையை மீறிய கம்ப்யூட்டர் நிரலைத் தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு 7 நாளுக்குக் குறையாமல், 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய்க்குக் குறையாமல், 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்க்க வழி வைத்திருக்கிறார்கள். என்னுடையது தொழில், அந்த வழி எனக்கு இல்லை. 'தெரிந்தே' என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கும் சிறைக்கும் நடுவில் நிற்கிறது. எனக்குத் தெரியாது என்பதை நான் எப்படி நிரூபிப்பது? இப்போது தெரிந்துவிட்டதே, இனி ஒரு நாள் பயன்படுத்தினாலும் தெரிந்தே பயன்படுத்தியவள் ஆகிவிடுவேனே! நாலு கம்ப்யூட்டரிலும் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன். மறுபடி பணம் புரட்டி வாங்கினேன். ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை.

போலீசுக்குப் போனேன். "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க." எது சிவில்? உரிமை மீறிய சரக்கை விற்பது 63-ஆம் பிரிவுக் குற்றம். அது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடக் கடமைப்படாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. இதை நான் எடுத்துச் சொன்னபோது மேஜைக்குப் பின்னாலிருந்தவர், "அப்போ உங்க கம்ப்யூட்டரைத்தான் முதல்ல பிடிச்சு வைக்கணும்" என்றார். பயமுறுத்தச் சொன்னாரோ, அக்கறையில் சொன்னாரோ, சட்டப்படி அது சரிதான். மீறல் நகல்களைப் பிடியாணை இல்லாமல் கைப்பற்ற சப்-இன்ஸ்பெக்டருக்கு 64-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சாட்சியாகக் கொண்டுபோகிற பொருளே பறிபோகும் என்றால் எந்த ஏழை புகார் கொடுப்பாள்? விற்றவருக்கு இதைவிட என்ன காப்பு வேண்டும்?

சாஃப்ட்வேர் ஒரு பொருள்தான் என்று 2004-இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆந்திர அரசு அதற்கு விற்பனை வரி போடலாமா கூடாதா என்ற வழக்கு அது. போடலாம் என்றார்கள். சரி, பொருள் என்று சொல்லி வரி வாங்குங்கள். அந்தப் பொருள் போலியாக இருந்தால், கலப்பட எண்ணெய் விற்ற கடையில் நுழைகிற மாதிரி இந்தக் கடையில் நுழைய ஒரு அதிகாரி வேண்டாமா? வரி கேட்க ஆள் இருக்கிறது. வாங்கியவளுக்காகக் கேட்க ஆள் எங்கே?

நீதிமன்றங்கள் இந்த வியாபாரிகளைத் தண்டித்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர்களில் உரிமமில்லாத சாஃப்ட்வேரை ஏற்றி விற்றவர்கள் மீது மைக்ரோசாப்ட் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் 19.75 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. அந்தப் பணம் வழக்குப் போட்ட நிறுவனத்துக்கு. அந்தக் கம்ப்யூட்டர்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை. சாஃப்ட்வேர் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ கணக்கெடுத்தது: 2017-இல் இந்தியாவில் ஏற்றப்பட்ட சாஃப்ட்வேரில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது. அந்த எண்ணைக் காட்டி, இந்தியர்கள் திருடிப் பயன்படுத்துகிறவர்கள் என்று எத்தனை மேடையில் பேசியிருப்பார்கள்! அந்த 56-க்குள் என்னைப்போல முழு விலை கொடுத்து, வரியும் கொடுத்து, ஒட்டுத்தாளை வாங்கி வந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? எங்களையும் திருடர் வரிசையில் நிறுத்தித்தானே அந்தக் கூட்டல்?

இலவச மென்பொருளுக்குப் போயிருக்கலாமே என்று படித்தவர்கள் புத்தி சொல்கிறார்கள். கேரளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஐ.டி. பாடம் படித்ததே லினக்ஸில்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவுக்கான சுதந்திர மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்தது 2001-இல் இதே திருவனந்தபுரத்தில். அன்று இரவு என்னைக் காப்பாற்றியதும் லிப்ரே ஆபீஸ்தான். ஆனால் கடைக்காரர் கொண்டுவருகிற கணக்கு டேலியில் இருக்கிறது. அவருடைய ஆடிட்டர் கேட்பதும் டேலியில். பத்தாயிரம் ரூபாய் வரவு உள்ள நான் ஒருத்தி மட்டும் ஊருக்கெல்லாம் மாற்றி எழுதிவிட முடியுமா? அதோடு, காசு கொடுத்து வாங்க நினைத்ததே என் குற்றம் என்றாகிவிடுகிறதே அந்தப் பேச்சில்!

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அந்த வரைக்கும் நன்றி. ரீசெல்லர் தரப்பில் வக்கீல் வந்து சொன்னது: "மனுதாரர் வியாபாரத்துக்காக வாங்கியவர், நுகர்வோரே அல்ல." 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(7)-ஆம் பிரிவை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வியாபார நோக்கத்தில் சேராது என்று அங்கேயே விளக்கம் எழுதியிருக்கிறது. விதுராவில் ஓர் அறை, அதில் நானும் எனக்குத் துணையாக ஒரு பெண்ணும். இது பிழைப்பு இல்லையென்றால் பிழைப்பு எது?

விற்றவர் சொல்கிற கதையும் மாறிக்கொண்டே வருகிறது. முதலில் "உங்க நெட்ல வைரஸ் வந்திருக்கும் தங்கச்சி." பிறகு "நான் வெறும் ஏஜண்ட், டிஸ்ட்ரிபியூட்டரைக் கேளுங்க." டிஸ்ட்ரிபியூட்டர் யார் என்றதும் போன் அணைந்தது. இப்போது எதிர்மனுவில், கீ எண்கள் எதுவும் தாம் கொடுக்கவே இல்லை என்கிறார். அந்த ஜிஎஸ்டி எண்ணைப் போர்ட்டலில் போட்டால் 'கேன்சல்டு' என்று வருகிறது. அதே கடை வேறு பெயர்ப் பலகையோடு திறந்திருக்கிறது. போன வாரம் ஒரு தையல் யூனிட் நடத்துகிற அக்கா, "அங்கேதான் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப் போறேன், ஜெனுயினாம்" என்று என்னிடமே வந்து சொன்னார். கையைப் பிடித்துத் தடுத்தேன். எத்தனை பேருடைய கையை நான் பிடிக்க முடியும்?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு உரிமம் வாங்குகிறவளுக்கும் அது அவள் பெயரில், அவள் மின்னஞ்சலில், விற்ற நிமிடமே பதிவாக வேண்டும். பதிவானதைத் தயாரித்த நிறுவனத்தின் இடத்திலேயே போய் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். ரீசெல்லருக்கு அனுமதி உண்டா, எந்தத் தேதி வரைக்கும் என்று அவள் வாசலிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். பில்லில் சீரியல் எண் இல்லாமல் சாஃப்ட்வேர் விற்பதையே குற்றமாக்க வேண்டும். போலி என்று புகார் கொடுக்க வருகிறவளின் கம்ப்யூட்டரைப் பிடுங்காமல், விற்றவரின் ரெஜிஸ்டரைப் பிடுங்க வேண்டும். ஒரு சிலிண்டர் வாங்கினால்கூட என் பெயரில் புத்தகம் கொடுக்கிற நாட்டில் இது நடக்காத காரியமா?

அடுத்த விசாரணைக்கு அந்த ஒட்டுத்தாளைக் கொண்டுபோகிறேன். கட்டளைத் திரையின் படத்தையும், வங்கிக் கணக்கின் அந்தப் பக்கத்தையும், வராத 2பி-யையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன். அவர் வரட்டும். வக்கீலை அனுப்பாமல் தானே வரட்டும். ஆணையத்தின் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: என்னிடம் முழு விலை வாங்கிக்கொண்டு கொடுத்த அந்த நாலு கீயும் யாருடையவை?